‘செம்பூதம்’ வேண்டாம்: இடிமேகத்துக்கு மேலே தோன்றும் ஒளிகளுக்குச் சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். தமிழ்மொழி விழாவுக்காக இங்கே சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு நாங்கள் தயாரிக்கும் அறிவியல் கையேட்டில், இரவு விமானிகள் வானில் காணும் விந்தை ஒளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வருகிறது. அதற்காக, இடிமேகத்துக்கு வெகு மேலே கணநேரம் தோன்றி மறையும் செவ்வொளியான ‘ஸ்பிரைட்’ என்ற நிகழ்வுக்குத் தமிழ்ச்சொல் ஒன்றை உங்களிடம் கேட்டிருந்தேன். ஐயா ‘செம்பூதம்’ என்றார். சென்னைத் தோழர் ‘மீமின்னல்’ என்றார். ஜோகூர் அக்கா ‘மின்தேவதை’ என்றார். மூன்றையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றையும் ஏற்க மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம். பொருளை விட்டுவிட்டு ஆங்கிலப் பெயரை மட்டும் பார்த்து ஆக்கிய சொற்கள்தாம் நம் அகராதிகளில் உறங்குகின்றன.

வெப்பமண்டல இடிமேகத்தின் உச்சி 16, 17 கிலோமீட்டர் வரை எழும். பயணிகள் விமானம் பறப்பது 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில். ஆகவே விமானி பெரிய மேகத்துக்கு மேலே செல்வதில்லை. விலகிச் சென்று, பக்கவாட்டில் அதை அண்ணாந்து பார்க்கிறார். அந்த மேகத்திலிருந்து நேர்மின்னூட்டத்தைச் சுமந்த வலுவான மின்னல் தரைக்கு இறங்கும்போது, மேகத்துக்கு மேலுள்ள மின்புலம் ஒரே கணத்தில் மாறுகிறது. 70, 75 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிக மெலிந்திருப்பதால் அந்த மாற்றமே அங்கே மின்னிறக்கத்தை, அதாவது காற்றின் ஊடாக மின்சாரம் பாய்வதை, தூண்டிவிடுகிறது. நைட்ரஜன் மூலக்கூறுகள் சிவப்பாக ஒளிர்கின்றன. அதிவேகக் கேமராப் பதிவுகளில் ஒளியிழைகள் முதலில் கீழ்நோக்கி ஓடுகின்றன. அதன் பிறகே சில மேல்நோக்கிக் கிளம்புகின்றன. (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சொல்லுக்கு உதவும்.) எல்லாம் சில மில்லிவினாடிகளில், மிஞ்சினால் சில பத்து மில்லிவினாடிகளில் முடிந்துவிடும். விமானி அறையின் விளக்குகளைத் தணித்து, கண் இருளுக்குப் பழகியிருந்தால்தான் அது மங்கலான சிவப்புப் பளிச்சாகத் தெரியும். அந்தக் கணத்தில் துணை விமானி கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் சாட்சிக்கும் ஆள் இல்லை.

மேகத்துக்கு மேலே இப்படி மின்னிறக்கம் நிகழலாம் என்று ஸ்காட்லாந்து இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சன் 1920-களிலேயே எழுதினார். விமானிகளும் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். படம் இல்லாததால் அவர்கள் பேச்சு எடுபடவில்லை. 1989 ஜூலை 6 அன்று மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மங்கிய ஒளியைப் பதியும் கேமரா ஒன்றைச் சோதித்தபோது இந்த ஒளி தற்செயலாகப் பதிவாயிற்று. அதற்குப் பிறகே விமானிகளின் பழைய கூற்றுகளுக்கு மதிப்பு வந்தது. ‘ஸ்பிரைட்’ என்ற பெயரை வைத்தவர் அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் சென்ட்மன். இயற்பியல் தெளிவாகாத நிலையில் தவறான விளக்கம் பெயரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று, வேண்டுமென்றே எதையும் விளக்காத, கதைகளில் வரும் குட்டித் தேவதையைக் குறிக்கும் ஒரு சொல்லை அவர் எடுத்தார். அன்றைய நிலையில் அது நேர்மையான முடிவு. நாம் பெயர் சூட்டுவது பொருள் பெருமளவு தெளிவான பிறகு. தாமதமாக வந்ததில் நமக்குக் கிடைத்த இந்த ஆதாயத்தை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

ஐயா, ‘பூதம்’ என்பதற்கு ஐம்பூதம் என்ற பொருளும் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். மறுக்கவில்லை. ஆனால் ‘செம்பூதம்’ என்று கேட்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நிலமும் நீரும் தீயும் நினைவுக்கு வராது. சதுப்பு நிலத்து ஒளியை நாம் கொள்ளிவாய்ப் பிசாசு என்று அழைத்தோம்; அந்தப் பெயர் அச்சத்தை வளர்த்த அளவுக்கு ஆராயும் ஆசையை வளர்க்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம். கண்டதைச் சொன்ன விமானிகளை உலகம் நம்பாமல் விட்டது ஏற்கெனவே நடந்த அநீதி. அவர்கள் கண்டதைத் தமிழில் மறுபடியும் பேய்க்கதையாக்க வேண்டாம். ‘மின்தேவதை’ கேட்க இனிமையாக இருக்கிறது, அக்கா, கவிதைக்கு வைத்துக்கொள்வோம்.

‘மீமின்னல்’ பற்றி. ‘மீ’ என்பதற்கு மேல் என்ற பழம்பொருள் உண்டு. ஆனால் மீயொலி, மீக்கடத்தி என்று பழகிய பிறகு இன்றைய வாசகர் அதை ‘மிகுந்த’ என்றுதான் படிப்பார். வழக்கமான மின்னலைவிடப் பன்மடங்கு ஆற்றல் கொண்ட மின்னல்கள் தனியே இருக்கின்றன. இந்தச் சொல் அவற்றுக்குத்தான் சேர வேண்டும். மேலும் நாம் பேசும் ஒளி, காற்றைக் கொதிக்க வைக்கும் மின்னல் தடம் அன்று. அது குளிர்ந்த பிளாஸ்மா, அதாவது அயனியான ஆனால் சூடேறாத காற்று.

என் பரிந்துரை: இடிமேகத்துக்கு மேலே தோன்றும் இத்தகைய ஒளிகளின் குடும்பம் முழுவதற்கும் ‘உம்பரொளி’. ஸ்பிரைட்டுக்குச் ‘செவ்விழுது’.

‘உம்பர்’ என்றால் மேலிடம்; வானோர் என்றும் பொருள். ஒளி எங்கே தோன்றுகிறது என்பதை அது நேராகச் சொல்கிறது. சென்ட்மன் விரும்பிய அந்த வானுலகச் சாயலும், யாரையும் பயமுறுத்தாமல், கூடவே வந்துவிடுகிறது. எப்படி உண்டாகிறது என்பது பற்றி அது எதையும் அடித்துச் சொல்லவில்லை. நாளை கோட்பாடு திருந்தினாலும் பெயர் நிற்கும். செவ்விழுது என்பது வடிவம். ஆலமரத்தின் விழுது போல, மேலே தொடங்கிக் கீழே இறங்கும் செந்நிற இழைகள். படத்தில் கண்ட எவரும் ஒருமுறை கேட்டால் மறக்கமாட்டார்கள். இழைகள் முதலில் கீழ்நோக்கியே வளர்கின்றன என்ற உண்மையும் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

இங்குள்ள நிலையையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். தமிழ்ச்சொல் அவர்களிடம் இரண்டாவதாகப் போய்ச் சேர்கிறது. ஆங்கிலச் சொல் தராத ஒன்றைத் தந்தால்தான் அதை ஏற்பார்கள். ‘ஸ்பிரைட்’ என்றால் எங்கள் மாணவர்களுக்குக் குளிர்பானம். ‘செவ்விழுது’ என்றால் கண்முன் ஒரு காட்சி. எங்கள் ஊர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி ‘இன்டர்நெட்’டுக்கு ‘இணையம்’ என்று ஆக்கியபோதும் இதைத்தான் செய்தார். ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளைக் கழற்றி மாட்டாமல், இணைதல் என்ற செயலைப் பிடித்தார். அந்தச் சொல் இன்று எல்லாத் தமிழ் நாடுகளிலும் வாழ்கிறது.

இந்த ஒளிக் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள்: மேக உச்சியிலிருந்து 40, 50 கிலோமீட்டர் வரை பாயும் நீல ஒளி ‘நீலத்தாரை’. அதுவே அயனி மண்டலம் வரை எட்டினால் ‘பெருந்தாரை’. 2002-இல் தைவான் ஆய்வாளர்கள் படம்பிடித்த பெருந்தாரைகள் நம் தென்சீனக் கடல் மேகங்களிலிருந்து எழுந்தவை. ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான நேரத்தில் 400 கிலோமீட்டர் அகலம் வரை பரவும் மங்கிய ஒளிக்கு ‘உம்பர்வளையம்’.

இன்னொரு சொல்லிலும் எனக்குக் கவலை இருக்கிறது. ‘புனித எல்மோவின் நெருப்பு’ என்று பலர் மொழிபெயர்க்கிறார்கள். விமானத்தின் மூக்கு, இறக்கை நுனி, முன்கண்ணாடி ஆகிய இடங்களில் நீலமும் ஊதாவுமாக ஒளிரும் அது நெருப்பு அன்று. கூரிய முனைகளில் மின்புலம் செறிந்து காற்று அயனியாவதால் வரும் ஒளி. 1982 ஜூன் 24 இரவு கோலாலம்பூரிலிருந்து பெர்த் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 விமானத்தில், முன்கண்ணாடியில் அந்த ஒளிதான் முதலில் தோன்றியது. மேற்கு ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பல் விமானத்தில் உராய்ந்து மின்னூட்டம் ஏற்றியிருந்தது. சாம்பல் உலர்ந்தது; ஈரத்தைத் தேடும் வானிலை ராடாரில் அது தெரியவில்லை. சற்று நேரத்தில் நான்கு எஞ்சின்களும் நின்றன. வெகுவாகக் கீழிறங்கிய பிறகு அவை மீண்டும் உயிர்பெற்று, விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது. மறு மாதமே சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 747 ஒன்றும் அதே சாம்பலில் சிக்கி எஞ்சின்களை நிறுத்த நேர்ந்தது. இப்படி ஓர் எச்சரிக்கையாகவும் அமையக்கூடிய ஒளிக்கு ‘நெருப்பு’ என்று பெயர் வைத்தால் படிப்பவர் தீயணைப்பானைத்தான் தேடுவார். ‘முனையொளி’ போதும். எங்கே தோன்றும், ஏன் தோன்றும் என்பதற்கு அதிலேயே விடை இருக்கிறது.

கட்டுரையில் வரும் மற்றவற்றுக்குப் புதுச்சொல் தேவையில்லை. தாய்லாந்து வளைகுடாவில் கணவாய்ப் படகுகளின் பச்சை வெளிச்சம், ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் மீது பட்டுத் தெறிக்கும் சூரிய ஒளி, 2022 ஜூலையில் மலேசியாவின் கூச்சிங் நகர வானில் எரிந்து சிதறிய சீன ராக்கெட் பாகம் எல்லாவற்றையும் வழக்கமான தமிழிலேயே எழுதிவிடலாம். வெள்ளிக் கோளுக்கும் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. 2011 ஜனவரியில் டொரோண்டோவிலிருந்து சூரிச் சென்ற விமானத்தின் துணை விமானி, உறக்கம் முழுதும் கலையாத நிலையில் முதலில் வெள்ளியை விமானம் என்று நினைத்தார்; பிறகு, கீழே எதிரே வந்த உண்மையான விமானம் மேலிருந்து தம்மை நோக்கி இறங்குவதாக எண்ணி மூக்கைக் கீழே திருப்பினார். 16 பேர் காயமடைந்தார்கள். இவை எல்லாவற்றையும் ‘பறக்கும் தட்டு’ என்ற ஒரே கூடையில் போடும் பத்திரிகை வழக்கத்தை நம் கையேடு தொடரக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

உங்கள் கருத்துகளை எதிர்நோக்குகிறேன்.

*

ஐயா எழுதியது:

தம்பிக்கு, செம்பூதத்தை நான் விட்டுவிடுகிறேன். முனையொளி மிக நன்று. செவ்விழுதும் நன்று. ஆனால் ‘உம்பர்’ இன்று வழக்கில் இல்லையே? ‘மேல்வான் ஒளி’ என்று எளிமையாக வைத்தால் என்ன? மற்றொன்று: தாரை என்றால் நீர்த்தாரை, கண்ணீர்த்தாரை. கீழே வழிவது. உங்கள் நீல ஒளி மேலே அல்லவா பாய்கிறது?

*

ஐயா, வணக்கம்.

‘மேல்வான்’ என்றால் மேற்கு வானம் என்றும் படிக்கலாம். சாயங்காலச் செக்கர் வானத்தைத்தானே மேல்வானம் என்கிறோம்? மேற்கே சுமத்ராவிலிருந்து விடியலில் இடிமழை வந்து மோதும் இந்த ஊரில், ‘மேல்வான் ஒளி’ என்று எழுதினால் குழப்பம் உறுதி. உம்பர் வழக்கில் இல்லாததே எனக்கு வசதியாகப் படுகிறது. அன்றாடப் பேச்சில் வேறு வேலை இல்லாத சொல் என்பதால், கொடுத்த பொருளை மட்டும் சுமக்கும்.

தாரை பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. எனக்கும் அது உறுத்துகிறது. நீரூற்றிலிருந்து பீறிட்டு எழுவதையும் நீர்த்தாரை என்கிறோம் என்பது மட்டுமே என் சமாதானம். மேல்நோக்கிப் பாயும் குறிப்பு சொல்லிலேயே இருக்குமானால் இன்னும் நல்லது. ‘நீலப்பாய்ச்சல்’ என்று அக்கா தனிமடலில் எழுதியிருக்கிறார். ‘பெரும்பாய்ச்சல்’ என்றால் முன்னேற்றம் என்ற பொருள் முந்திக்கொள்கிறதே என்று தயங்குகிறேன். உம்பர்வளையத்துக்குப் பதிலாக ‘விரிவளையம்’ என்றும் அவரே சொல்கிறார். அது விரியும் வேகத்தைச் சொல்வதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். நீலத்துக்கும் பெரியதுக்கும் ஒருசேரப் பொருந்தும் ஒரு சொல் யாரிடமேனும் இருந்தால், கையேடு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.