புதுப்பிப்பு: 4.00-8 டயரும் ஆட்டோ ரிம்மும்

வீட்டில் வெல்டு பண்ணும் சின்ன வண்டிகளுக்கு டயர் அளவு பார்ப்பது பற்றிய என் முந்தைய பதிவில், 4.00-8, 16x6.50-8 இரண்டும் ஒரே ரிம்மில் உட்காரும் என்று எழுதியிருந்தேன். பாதிதான் சரி. கடைசி எண்ணான 8 ரிம் விட்டம், அது பொருந்தும். ஆனால் 4.00-8 ஆட்டோ டயரின் அளவு, அதில் முதல் எண் அகலம். 16x6.50-8 போலப் பெருக்கல் குறி போட்ட அளவிலோ முதல் எண் மொத்த உயரம், நடு எண்தான் அகலம். ஆறரை இன்ச் டயரை ஒடுக்கமான ஆட்டோ ரிம்மில் திணித்தால் நடுப்பகுதி உப்பி அங்கே மட்டும் தேயும், திருப்பத்தில் டயர் நெளியும்.

உயரம் இரண்டுக்கும் ஏறக்குறைய 16 இன்ச். ஒரு சுற்றுக்கு 1.28 மீட்டர், ஆக்சில் நிமிடத்துக்கு 500 முறை சுற்றினால் மணிக்கு 38 கி.மீ.

கைவண்டி டயரிலும் 4.00-8 என்றே இருக்கும். விலை குறைவு என்று அதை வாங்கி மோட்டார் வண்டியில் போடாதீர்கள், அந்த வேகத்துக்கு அது ஆகாது.

இரண்டு பாதிகளை நட்டால் இணைத்த ரிம்மைப் பிரிக்கும் முன் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுசாக இறக்குங்கள். காற்றோடு நட்டைத் தளர்த்தினால் ரிம் பாதி தெறித்து முகத்துக்கு வரும். மாட்டும்போது டியூபில் பவுடர் தடவி, வடிவம் வரும் அளவு மட்டும் காற்று அடித்து, பிறகு மூடுங்கள். காலி டியூப் இரண்டு பாதிகளுக்கு நடுவே சிக்கிக் கிழியும். நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள்.