உள்ளானுக்கு யார் நாள் பார்த்துச் சொல்வது?

மண்டபம் சித்தப்பா: (படம்) தனுஷ்கோடிப் பக்கம் சேற்றில் இன்று எடுத்தது. ஜனவரியில் சாம்பலாக இருந்த உள்ளான்களுக்கு இப்போது நெஞ்செல்லாம் செங்கல் நிறம். ஏதும் நோயா?

அக்கா: நோய் இல்லை சித்தப்பா, கல்யாணக் களை! ஏப்ரல் ஆகிவிட்டதே. மூக்கு வளைந்த இந்த உள்ளான் சைபீரியாவின் வடகோடிக்குப் போய்த்தான் முட்டையிடும். அங்கே கோடை கொஞ்ச நாள்தான். பிந்தினால் குஞ்சு பிழைக்காது.

சித்தி: இங்கே வெயிலில் மேய்கிற பறவைக்கு அங்கே பனி உருகுவது எப்படித் தெரியும்? நாள் பார்த்துச் சொல்ல ஜோசியரா இருக்கிறார்?

அக்கா: உடம்புக்குள்ளேயே ஒரு வருடக் கடிகாரம் ஓடுகிறது சித்தி. அதைத் திருத்தி வைப்பது பகல் நீளம். வெளிச்சம் மண்டை ஓட்டைத் தாண்டி மூளைக்குள் போகும். அங்கே ஒளியை உணரும் செல்கள் உண்டு. இதற்குக் கண்ணே வேண்டாம். 1920களில் கனடாவில் வில்லியம் ரோவன் என்பவர், கூண்டில் இருந்த ஜுன்கோ சிட்டுகளுக்கு மாலையில் தினமும் சில நிமிடம் கூடுதலாக விளக்கு எரித்தார். வெளியே உறைபனி. ஆனாலும் அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்த கால அளவுக்குப் பெருத்துவிட்டன.

பரமக்குடி அத்தை: ஞாயிறு காதுகுத்துக்கு எத்தனை பேர் என்று யாருமே சொல்லவில்லை.

சித்தி: நாங்கள் நான்கு பேர் மதினி.

தம்பி: நாமக்கல் பண்ணைகளில் முட்டைக் கோழிக்கு விளக்குப் போட்டுப் பகலை 16 மணி நேரமாக்குகிறார்களே, அதுவும் இதுதானா?

அக்கா: அதேதான்.

முதுகுளத்தூர் மாமா: சரி. ஆனால் எங்கள் காஞ்சிரங்குளத்துக்கு நாரை ஐப்பசி, கார்த்திகைக்கு மேல்தானே கூடு கட்ட வருகிறது? அப்போது பகல் குறைகிறதே தாயி. கணக்கு இடிக்கிறது.

அக்கா: இடிக்கத்தான் செய்யும் மாமா. நாம் இருப்பது 9 பாகை அட்சரேகையில். ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் ஒரு மணி நேரம் சொச்சம்தான் வித்தியாசம். நாரை பார்ப்பது மழையை. கண்மாய் பெருகினால்தான் மீன்குஞ்சு, மீன்குஞ்சு இருந்தால்தான் நாரைக்குஞ்சு. மழை பொய்த்தால் கூடு கட்டாமலே போய்விடும். அதற்காக நம் பக்கத்துப் பகல் நீளத்தை ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது. பனாமாவும் இதே அட்சரேகைதான். அங்கே ஒரு காட்டுக் குருவி, பகல் 17 நிமிடம் கூடியதற்கே இனப்பெருக்கத்துக்குத் தயாரானதை 1998இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

முதுகுளத்தூர் மாமா: 17 நிமிடமா! மின்வெட்டே அதைவிட நீளமாயிற்றே.

மண்டபம் சித்தப்பா: அப்படியென்றால், வடக்கே பனி முன்கூட்டியே உருகினால் உள்ளான் பாடு?

அக்கா: திண்டாட்டம்தான். பகல் நீளம் தேதி தவறாது. பனியும் பூச்சியும் சூட்டுக்கு ஏற்ப முந்திக்கொள்ளும். குஞ்சு பொரித்து வாயைத் திறக்கும்போது பூச்சிப் பெருக்கம் முடிந்துபோயிருக்கும்.