உருளைக்கிழங்கு ரோஸ்ட் மொறுமொறுப்பாக வர என்ன செய்ய வேண்டும்?

வேளச்சேரி கவி:
ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டிலிருந்து எல்லோரும் சாப்பிட வருகிறார்கள், நாங்களும் சேர்த்து எட்டுப் பேர். மாமனாருக்கு வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், காரமாக உருளை ரோஸ்ட் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். குழம்பு எனக்கு நன்றாகவே வரும். ரோஸ்ட்தான் காலை வாருகிறது. கிழங்கைச் சின்னச் சதுரமாக நறுக்கி, நான்ஸ்டிக் வாணலியில் தாளித்து, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு எல்லாம் போட்டு மூடி வைக்கிறேன். வெந்தபின் கிளறினால் பாதி குழைகிறது, பாதி அடியில் கருகிக் கசக்கிறது. அரிசி மாவு தூவு என்கிறாள் தோழி, சோள மாவுதான் சரி என்கிறார் அண்ணி. எதைப் போடலாம்? வீட்டில் ஓடிஜி (பேக் செய்கிற மின்சார அவன்) ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் செய்யலாமா?

ரசம்சாதம்:
கவி, ஒரு ஸ்பூன் கடலை மாவு போட்டுப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், வாசனையாக இருக்கும். வாணலி வேண்டாம், தோசைக்கல்லில் போடுங்கள்.

திருவல்லிக்கேணி மெஸ்காரர்:
ஏம்மா கவி, மாவை அப்புறம் பார்ப்போம். உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். மேல்பக்கம் ஈரம் இருக்கிற வரை அந்த இடம் நூறு டிகிரியைத் தாண்டாது. நன்றாகச் சிவக்க நூற்று நாற்பதாவது வேண்டும். நீ மூடி போட்டு, வெளியே போகிற ஆவியைத் திரும்ப உள்ளேயே விடுகிறாய். அது வேகும், ரோஸ்ட் ஆகாது. எந்த மாவைத் தூவினாலும் பசைதான் மிஞ்சும்.

முதலில் கிழங்கு. கோயம்பேட்டில் வடக்கிலிருந்து வருவதும் இருக்கும், ஊட்டிக் கிழங்கும் இருக்கும். ஆக்ரா பக்கத்தில் மாசி, பங்குனியில் எடுத்ததைக் குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் வைத்து அனுப்புகிறார்கள். ரொம்பக் குளிரில் கிடந்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும். அந்தக் கிழங்கு சட்டியில் விழுந்ததும் கறுக்கும், ஆனால் மொறுமொறுப்பு ஏறாது. சாப்பிட்டால் லேசாக இனிக்கும். மெஸ்ஸுக்கு ஒரு மண்டியிலிருந்து மூட்டை மூட்டையாக இப்படி வந்து, பந்தியில் நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. சிப்ஸுக்கென்றே 1998-ல் குஃப்ரி சிப்சோனா என்று ரகம் விட்டார்கள், அதில் மாவு அதிகம், சர்க்கரை குறைவு. நம் தெருக்கடையில் ரகம் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். நறுக்கும்போது கத்தியில் வெள்ளையாகப் படிகிறதா என்று பார், அது போதும். பச்சைக் கிழங்கை ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதே.

சனிக்கிழமை ராத்திரியே வேகவைத்துவிடு. குக்கர் வேண்டாம், விசில் கணக்கில் ஒரு கிழங்கு குழையும், ஒன்று கல்லாக நிற்கும். தோலோடு, பச்சைத்தண்ணீரில் உப்புப் போட்டு அடுப்பேற்று. கத்தி முனை இறங்கும்போது நடுவில் கொஞ்சம் தடுக்க வேண்டும், அந்தப் பதத்தில் இறக்கி வடித்துவிடு. பெரிய தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் வை. ஆவி அடங்கியதும் தோல் மேலே ஈரம் போய் வெளிறித் தெரியும். அப்புறம் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், வெந்த கிழங்குக்குக் குளிர் நல்லதுதான். காலையில் உரித்தால் இறுகியிருக்கும், உதிராமல் நறுக்க வரும். ரொம்பச் சின்னதாக வேண்டாம், ஒரு கிழங்குக்கு எட்டுத் துண்டு.

இனி சட்டி. இரும்புச் சட்டி இல்லையென்றால் மயிலாப்பூர் மாட வீதிப் பாத்திரக் கடைகளில் கேள். அரைக் கிலோவுக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி கடலெண்ணெய். கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, கிழங்கை ஒரே அடுக்காகப் பரப்பு. ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் மறுபடி ஆவிதான். எட்டுப் பேருக்கு ஒன்றேகால் கிலோ வைத்துக்கொள், அதை இரண்டு தடவையாகப் போடு. போட்டபின் கரண்டியைக் கீழே வை! சிவக்காத துண்டு சட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும், சிவந்துவிட்டால் தானே விட்டுக்கொடுக்கும். அதற்கு முன் கிளறுகிறவர்கள்தான் குழைந்துவிட்டது என்று புலம்புவது.

எல்லாப் பக்கமும் சிவந்தபின், தீயைக் குறைத்துத் தூள் போடு. மிளகாய்த்தூள் கருகித்தான் உனக்குக் கசந்தது. அரைக் கிலோவுக்கு ஒன்றரை ஸ்பூன் மிளகாய்த்தூள், கால் ஸ்பூன் மஞ்சள்தூள், இடித்த சோம்பு கொஞ்சம், தோலோடு நசுக்கிய பூண்டு நாலு பல், உப்பு. உன் அரிசி மாவு இப்போது ஒன்றரை ஸ்பூன் தூவு, தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு புரட்டு, கறிவேப்பிலை, இறக்கு. சோள மாவைக் கோபி அறுபத்தைந்துக்கு வைத்துக்கொள்.

அடையாறு சுபா:
ஓடிஜி பற்றி யாரும் சொல்லவில்லையே! தாராளமாகச் செய்யலாம் கவி. தோல் சீவி, பெரிய துண்டாக நறுக்கி, இரண்டு லிட்டர் தண்ணீரில் உப்பும் அரை ஸ்பூன் சமையல் சோடாவும் போட்டு வேகவிடுங்கள். வடித்துவிட்டு அதே பாத்திரத்தில் எண்ணெய் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். சோடா கிழங்கின் மேல்பக்கத்தைக் கரைத்துவிடும், குலுக்கும்போது அது கூழாகி எல்லாத் துண்டிலும் பூசிக்கொள்ளும். அதுதான் பிறகு ஓடாக முறுகுகிறது. 220 டிகிரியில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம், நடுவில் ஒரு முறை திருப்பிப் போடவும். மசாலாவைக் கடைசியில் பிரட்டுங்கள், இதில் நான் மெஸ்காரர் கட்சி. சின்ன உருளை முழுசாக வேண்டும் என்றால் சோடாவுக்குப் பதில் வேகும் தண்ணீரில் கொஞ்சம் புளி கரைத்துவிடுங்கள், உடையாது.

திருவல்லிக்கேணி மெஸ்காரர்:
சுபாம்மா சொல்வது தப்பில்லை. சாஸ் தொட்டுத் தனியாகச் சாப்பிட அது ஜோர். வத்தக்குழம்புச் சாதத்துக்கு அவ்வளவு தடிமனான ஓடு வேண்டாம் என்பேன். சாதத்தோடு பிசையும்போது கிழங்கு கொஞ்சம் நசுங்கி, அந்த எண்ணெயும் காரமும் சாதத்தில் இறங்க வேண்டும். புளி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

வேளச்சேரி கவி:
ரொம்ப நன்றி அண்ணா, சுபா அக்கா. இரும்புச் சட்டி அம்மா வீட்டில் இருக்கிறது, வாங்கி வந்துவிடுகிறேன். இரண்டு சந்தேகம். காலை பத்து மணிக்கே செய்து ஹாட்பேக்கில் வைக்கலாமா? இன்னொன்று, மாமியார் பூண்டு சேர்க்க மாட்டார்.

திருவல்லிக்கேணி மெஸ்காரர்:
ஹாட்பேக்கா! மூடிய அரை மணியில் மூடியில் முத்து முத்தாக வேர்த்து, அத்தனையும் கிழங்கின் மேல் சொட்டும். அதிலும் இப்போது மழைக்காலம், நம் ஊர்க் காற்றில் அப்பளமே நமுத்துப்போகிறது. வத்தக்குழம்பைக் காலையிலேயே வைத்துவிடு, நேரம் ஆக ஆக அது ருசிக்கும். ரோஸ்ட் கடைசி. முதல் ஈடு எடுத்ததை மூடாமல் தாம்பாளத்தில் பரப்பி வை, பரிமாறுவதற்கு முன் சட்டியில் ஒரு புரட்டு புரட்டிக்கொள்ளலாம். பூண்டும் வேண்டாம், சோம்பும் வேண்டாம். தாளிப்பில் பெருங்காயம் கொஞ்சம் தாராளமாகப் போடு. மாமியாருக்குக் காரம் ஆகுமா என்று இப்போதே கேட்டுவை.