டூரிங் சைக்கிளுக்கு எந்த ஸ்பீடோமீட்டர்? வயரா, வயர்லெஸ்ஸா, ஜிபிஎஸ்ஸா?

கேள்வி:
வணக்கம். பொங்கல் லீவில் சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாக ராமேஸ்வரம் வரை போகலாம் என்று இருக்கிறேன், புதுச்சேரி, நாகப்பட்டினம், தொண்டி வழி. ஹைப்ரிட் சைக்கிள், 700x38 டயர், பின் கேரியரில் இரண்டு பக்கமும் பை. வழி பார்க்க போன் இருக்கிறது. வேகம், அன்றைய தூரம், மொத்த தூரம் தெரிந்தால் போதும். எதை நம்பி வாங்கலாம்?

பதில்:
வயர் உள்ளதையே வாங்குங்கள், கேட்ஐ, சிக்மா இரண்டு கம்பெனியிலும் எளிய மாடல்கள் உண்டு. ஸ்போக்கில் ஒரு காந்தம், ஃபோர்க்கில் ஒரு சென்சார், காந்தம் கடக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று என்று எண்ணிக்கொள்ளும், அவ்வளவுதான், கெட்டுப்போக அதில் பெரிதாக எதுவும் இல்லை. சிஆர்2032 பட்டன் செல் ஒன்று பல மாதம் வரும், தீர்ந்தாலும் வாட்ச் கடையில் கிடைக்கும். ராத்திரி தங்குகிற லாட்ஜில் இருக்கிற ஒரே பிளக்கில் போன், பவர் பேங்க், லைட் எல்லாம் சார்ஜ் ஏற வேண்டும், அதோடு மீட்டரும் எதற்கு? ஒன்று மட்டும், சில மாடல்களில் செல் மாற்றினால் மொத்த தூரம் அழிந்துவிடும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்:
மேலே சொன்னதுதான் என் கருத்தும். ஆனால் எதை வாங்கினாலும் சக்கரத்தின் சுற்றளவைச் சரியாகப் போடாவிட்டால் பயனில்லை. உங்கள் டயருக்கு மீட்டர் கையேட்டின் அட்டவணையில் 2180 மி.மீ. என்று இருக்கும். மீட்டரில் மெல்லிய 700x25 டயருக்கான 2105 இருந்தால் 100 கி.மீ.க்கு சுமார் மூன்றரை கி.மீ. குறைத்துக் காட்டும். நேரிலேயே அளந்துவிடுவது நல்லது: பையெல்லாம் கட்டி, வழக்கமான காற்று அடித்து, வால்வு நேர் கீழே இருக்கும்போது தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள், ஏறி உட்கார்ந்து நேராக ஒரு சுற்று உருட்டி, வால்வு மறுபடி கீழே வந்ததும் இன்னொரு கோடு, இரண்டுக்கும் இடையிலான நீளம்தான் சுற்றளவு. கூட ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி 5 மி.மீ.க்குள் இருக்கட்டும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்து, வயர் இழுபடாத மாதிரி விட்ட பிறகு கேபிள் டையை இறுக்குங்கள்.

பதில்:
நான் ஜிபிஎஸ் ஆள், ஆனாலும் இந்த ரூட்டுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். கொல்லிமலையின் 70 ஊசி வளைவுகளில் ஏறும்போது ஏற்றம் எத்தனை சதவீதம் என்று பார்த்து மூச்சைச் சேமிக்க, காற்றழுத்த உயரமானி உள்ள ஜிபிஎஸ் மீட்டர் அருமையான துணை. ஈசிஆர் முழுக்கச் சமதளம், அங்கே அதற்கு வேலையே இல்லை. மெதுவாக ஏறுகிற வளைவுகளில் ஜிபிஎஸ் தூரத்தைக் கொஞ்சம் குறைத்துக் காட்டுவதும் உண்டு, அதனால் மலைக்குக்கூட தனி வேக சென்சார் ஒன்றைச் சேர்த்துத்தான் ஓட்டுகிறேன்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. விலை குறைந்த வயர்லெஸ் பார்க்க நன்றாக இருக்கிறதே, அது?

பதில்:
பக்கத்தில் எல்இடி லைட் எரிந்தால் சிலவற்றில் சிக்னல் குழம்பி, நிற்கிற சைக்கிளுக்கு 60 கி.மீ. வேகம் காட்டும். சென்சாருக்கும் தனி செல் வேண்டும். விடியற்காலையில் லைட் போட்டுக் கிளம்புகிறவருக்கு வயர்தான் சரி. கடற்கரை ரோடு என்பதால் சாயங்காலம் மீட்டரைக் கழற்றி, அடியில் இருக்கிற உலோகப் புள்ளிகளைக் காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள், உப்புக்காற்றில் அங்கேதான் முதலில் பச்சை பிடிக்கும்.