வளையல் பளிச், முகம் மங்கல்: காதுகுத்துக்கு எந்த அப்பர்ச்சர் வைக்கலாம்?

போன மாதம் அக்காவின் வளைகாப்பை என் கேமராவில் எடுத்தேன். கிராப் சென்சார் (சிறிய அளவு சென்சார்), 50 மி.மீ. லென்ஸ். மண்டபத்தில் டியூப்லைட் வெளிச்சம்தான், அதனால் அப்பர்ச்சரை (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரம்) அகலமாகத் திறந்து எஃப் 1.8-இலேயே வைத்துவிட்டேன். கேமரா திரையில் எல்லாம் அழகு. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணாடி வளையலில் ஒட்டியிருக்கும் சந்தனம்கூடத் தெரிகிறது, அக்கா முகம் மங்கல். 2 மீட்டர் தூரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், துல்லியமாக விழும் ஆழம் சுமார் 11 செ.மீ. அரைச் சாண்! கைக்கும் முகத்துக்கும் அதைவிட இடைவெளி அதிகம்.

வரும் ஞாயிறு அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை, முன்னால் ஆசாரி, பின்னால் எட்டிப் பார்க்கும் கூட்டம். துவாரத்தைச் சுருக்கி எஃப் 4 வைத்தால் ஆழம் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும், ஆனால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். வளைகாப்பு அன்று ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் திறன்) 640, ஷட்டர் 1/125 வினாடி. அதே ஷட்டருக்கு இப்போது ஐ.எஸ்.ஓ. 3200 வேண்டும். குழந்தை திமிறும், ஷட்டர் வேகத்தைக் குறைக்க வழியில்லை. ஃபிளாஷ் வேண்டாம் என்று அண்ணி இப்போதே சொல்லிவிட்டார்.

3200-இல் படத்தில் வரும் புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ளலாமா? இல்லை, 1.8-இலேயே வைத்து, ஆழம் கூடுவதற்காக 4 மீட்டர் தள்ளி நின்று எடுத்து, அப்புறம் வெட்டிக்கொள்வதா? இப்படி மண்டபத்தில் எடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள். முடிந்தால் நீங்கள் எஃப் 4-இல் எடுத்த படம் ஒன்றும் போடுங்கள்.