மரபணுத் திருத்தமா, தொகுப்பா, வெட்டா?

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு விளக்கத்தாளை முடித்துத் தர வேண்டும். மரபணு எடிட்டிங் (செல்லுக்குள் இருக்கும் மரபணுவையே மாற்றுவது) சிகிச்சையில் இறங்கியிருக்கும் ஒரு புது நிறுவனத்துக்கு. 'எடிட்டிங்' என்பதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்பதுதான் என் கேள்வி. படிக்கப்போவது தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய்) உள்ள பிள்ளைகளின் பெற்றோர். பத்திரிகைகளில் வருகிறதே என்று 'தொகுப்பு' போட்டிருந்தேன். குடியாத்தத்து அம்மா ஒருவரிடம் படித்துக் காட்டினேன். "என்னத்தைச் சேர்க்கிறாங்க?" என்றார். நம் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் ஹீமோபிலியாவுக்கு (ரத்தம் சரியாக உறையாத நோய்) மரபணு சிகிச்சை செய்து 2024இல் முடிவு வெளியிட்டார்களே, அதில் மரபணுவைச் சேர்க்கத்தான் செய்தார்கள். அது வேறு, இது வேறு. 'திருத்தம்' என்றேன். "ரேஷன் கார்டுல பேர் திருத்துறோமே, அதுமாதிரியா?" சட்டென்று பிடித்துக்கொண்டார்.

அங்கேதான் உறுத்துகிறது. தலசீமியாவுக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்கெவி என்ற எடிட்டிங் சிகிச்சை, நோய்க்குக் காரணமான பிழையைத் தொடுவதே இல்லை. பிசிஎல்11ஏ என்ற வேறொரு மரபணுவில் வெட்டி, பிள்ளை கருவில் இருந்தபோது ஊறிய வகை ஹீமோகுளோபினை மறுபடி ஊறச் செய்கிறது. பிழையே போய்விட்டது என்று பெற்றோர் நம்பிவிட்டால்?

ஆற்காட்டிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, திருந்து தன்வினை, திருத்து பிறவினை. பிழை இருந்தால்தான் திருத்த வேண்டுமா? காடு திருத்திக் கழனியாக்கினார்கள். காட்டில் என்ன பிழை? முடி திருத்துகிறோம். நடுவில் வரும் 'த்' என்ற ஒற்றெழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்: மரபணுத் திருத்தம். அப்புறம், மரபியல் என்ற பெயரே தொல்காப்பியத்தில் ஓர் இயலின் பெயர். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று இளமைப் பெயர்களில்தான் அந்த இயல் தொடங்குகிறது. பரம்பரையைப் படிக்கும் துறைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா!

காட்பாடியிலிருந்து, கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பம் நடத்துபவர்:

ஐயா, அந்த அம்மா காட்டை நினைக்கவில்லையே, ரேஷன் கார்டைத்தானே நினைத்தார்? வகுப்பில் நான் 'மரபணு வெட்டு' என்கிறேன். இதில் கத்தரிக்கோலாக வேலை செய்யும் காஸ்9 என்ற புரதம் டிஎன்ஏவின் இரண்டு இழையையும் வெட்டுகிறது. ஒட்டிக்கொள்வது செல்லின் வேலை. நடப்பதைச் சொல்லும் சொல் அதுதான்.

வேலூரிலிருந்து, மறுபடி நான்:

மேடம், 'வெட்டு' என்று கண்டால் கையெழுத்துப் போட வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். தவிர, 2025இல் பிலடெல்பியாவில் ஒரு கைக்குழந்தைக்குச் செய்தது இரண்டு இழையையும் வெட்டாமல் டிஎன்ஏவில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் முறை. அதற்கு 'வெட்டு' ஒட்டாது, 'திருத்தம்' கச்சிதமாக ஒட்டும். அதையே அனுப்புகிறேன். சொல் முதலில் வரும் இடத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "இது ரத்தத்தை உண்டாக்கும் செல்களில் மட்டும் செய்யப்படுகிறது, உங்கள் பிள்ளைக்கு நாளை பிறக்கும் குழந்தைக்கு இந்தக் குறை வருவதை இது தடுக்காது."

காட்பாடியிலிருந்து:

அந்த வரியை எடுத்துவிடாதீர்கள். சொல்லுக்கு மட்டும் என் சம்மதம் இல்லை.