ஸ்பானிஷ் கீபோர்டு விழான்னு பேர் வச்சுட்டு நடு நாற்காலியை ஸ்கார்லாட்டிக்கு குடுக்கறது சரியா?

இடதுகை:
அல்மேரியால நடக்கற ஸ்பானிஷ் கீபோர்டு இசை விழா பத்தி இங்க சில பேருக்கு தெரிஞ்சிருக்கும். தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஸ்பெயினோட தென்கிழக்கு ஓரம், ஆண்டலூசியா கடற்கரை மாகாணம், ஹார்ப்சிகார்டு (பியானோவுக்கு முன்னாடி வந்த, கம்பியை சுத்தியால அடிக்காம சுண்டற கீபோர்டு) வாசிக்கற லூயிசா மொராலெஸ் 2000ல ஆரம்பிச்சு வச்சது. கச்சேரியோட ஒரு ஆய்வரங்கமும் நடக்கும், அதுக்கு தியேகோ ஃபெர்னாண்டெஸ் பேரு. அதே மாகாணத்துல வேராங்கற ஊர்ல 1703ல பொறந்து மாட்ரிட் அரண்மனைக்கு ஹார்ப்சிகார்டு செஞ்சு குடுத்தவர் அவர்.

எனக்கு அந்த ஒரு விழா மேல வருத்தம் இல்ல. ஸ்பானிஷ் கீபோர்டுன்னு போர்டு மாட்டி உலகத்துல எங்க கச்சேரி வச்சாலும் பாதி நேரம் டொமெனிகோ ஸ்கார்லாட்டி வந்து உக்காந்துடறாரே, அதைத்தான் கேக்கறேன். 1685ல நேப்பிள்ஸ்ல பொறந்தவர், அப்பா அலெஸ்ஸாண்ட்ரோ இத்தாலியோட பெரிய ஓபரா கம்போசர். அவருக்கு மேடைக்கு என்ன பஞ்சம், பியானோ படிக்கற பிள்ளைங்க கைல எல்லாம் அவர் சொனாட்டா ஒண்ணாவது இருக்கு. ஆனா அந்தோனியோ தெ கபேசோனுக்கு யார் மேடை தருவா? கண் தெரியாத மனுஷன், கார்லோஸ், ஃபிலிப்னு ரெண்டு ராஜா காலத்துலயும் அரண்மனைல வாசிச்சவர், 1566ல செத்துட்டார், 1578ல மகன் எர்னாண்டோ புத்தகமா அச்சுப் போட்டதாலதான் இன்னிக்கு நமக்கு இவ்ளோவாவது மிஞ்சியிருக்கு. வலென்சியாவோட கபானியெஸ், நவார்ராவுல பொறந்த அல்பெரோ (35 வயசைக் கூட தொடாம 1756ல போயிட்டார்), இவங்க பேரை எத்தனை பேர் கேட்டிருக்கோம்? இவங்களுக்குன்னு ஒரு விழா வச்சா அதுலயும் இத்தாலிக்காரருக்கு முதல் மரியாதைன்னா இவங்க எங்க போவாங்க சொல்லுங்க.

தந்தி_மீட்டி:
இடதுகை ப்ரோ, கபேசோன் பத்தி நீங்க சொன்னதை அப்படியே ஏத்துக்கறேன், ஆனா ஸ்கார்லாட்டியை வெளில நிறுத்தறதுக்கு நீங்க காட்டற காரணம் எனக்கு ஒத்துக்கல.

1729ல செவில்லா வந்தார், 1733ல மாட்ரிட், 1757ல அங்கயே செத்தார். 28 வருஷம். நமக்கு கிடைச்சிருக்கற 555 சொனாட்டால பெரும்பகுதி பிரதி எடுக்கப்பட்டது ஸ்பானிஷ் அரண்மனைல, ராணி மரியா பார்பராவுக்காக. வெனிஸ் லைப்ரரில இருக்கற அந்த சொனாட்டா பிரதி 15 வால்யூம் பாருங்க, தோல் அட்டைல ஸ்பெயின் போர்ச்சுகல் ரெண்டு நாட்டு முத்திரையும் இருக்கும். இன்னொண்ணு, அவர் பொறந்தப்ப நேப்பிள்ஸே ஸ்பானிஷ் ராஜா ஆட்சிலதான் இருந்துது.

இதெல்லாம் விடுங்க, காதால கேளுங்க. கே 119 (கே-ங்கறது ஸ்கார்லாட்டி சொனாட்டாக்களுக்கு கிர்க்பாட்ரிக் போட்ட பட்டியல் எண்) டி மேஜர் சொனாட்டாவை எடுத்து வச்சுக்கோங்க. நடுவுல நிறைய சுரத்தை ஒரே நேரத்துல நெருக்கி அடிக்கற இடம் வரும், பக்கத்து பக்கத்து கட்டையும் சேந்து, இலக்கணப்படி பாத்தா சேரவே கூடாத சுரங்க. கிட்டார்ல வலது கை விரல் மொத்தத்தையும் விரிச்சு கம்பி மேல இறக்கும்போது மூடாத கம்பி ஒண்ணும் கூட சேர்ந்து அதிரும் பாருங்க, அந்த சத்தம் அது. கே 175லயும் அதேதான். நேப்பிள்ஸ்ல இருந்துட்டு இப்படி எழுதியிருக்க மாட்டார்.

இடதுகை:
கே 119 சொன்னீங்க, நான் கே 513 சொல்றேன். அதுல வர்றது நேப்பிள்ஸ் பக்கத்து மலைக்காரங்க கிறிஸ்துமஸுக்கு ஊதற தோல்பை குழல், கீழ ஒரே சுரம் நின்னு ரீங்காரம் போட மேல பாட்டு போகும். கடைசி வரைக்கும் அந்த ஊர் அவர் காதுல இருந்திருக்கு. அப்ப ரெண்டு பக்கமும் உரிமை கேக்கலாம்தானே.

நான் கேக்கறது உரிமை பத்தி கூட இல்ல, இடம் பத்தி. ஒரு வார விழால எத்தனை கச்சேரி வைக்க முடியும்? 1734ல கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி மாட்ரிட் பழைய அரண்மனை தீப்பிடிச்சு எரிஞ்சப்ப அரச தேவாலயத்தோட இசைச் சுவடி எல்லாம் சாம்பலாச்சு. ஸ்பானிஷ்காரங்களோட இசைல எவ்ளோ போச்சுன்னு கணக்கே கிடையாது. ஸ்கார்லாட்டிக்கு அதே அரண்மனைல இருந்த இத்தாலியப் பாடகர் ஃபரினெல்லி இருந்தார், ராணி உயில்ல எழுதி வச்சபடி அந்த வால்யூம் எல்லாம் பத்திரமா இத்தாலி போய் சேந்துது. மத்தவங்களுக்கு அந்த மாதிரி யாரும் இல்ல. சொலேரையே எடுத்துக்கோங்க, எஸ்கோரியல் மடத்துல 1752லேர்ந்து 1783ல சாகற வரைக்கும் துறவியா இருந்தவர், 1772ல ஃபிட்ஸ்வில்லியம்னு ஒரு இங்கிலீஷ் பிரபு மடத்துக்கு வந்தப்ப அவர் கைல 27 சொனாட்டா குடுத்து அனுப்பினார், அதுதான் அப்புறம் லண்டன்ல அச்சாச்சு. யாரோ வழிப்போக்கர் வந்ததால தப்பிச்ச இசை அது.

வெள்ளைக்கட்டை:
நான் பியானோ ஆள், நேரா சொல்லிடறேன். கபேசோன், அல்பெரோனு போட்டா டிக்கெட் யார் வாங்குவா? அல்பேனிஸ், கிரனாடோஸ், டி ஃபாயா, மொம்போவு. இவங்கதான் ஸ்பானிஷ் பியானோ. பியானிஸ்ட் அலிசியா தெ லரோச்சா அல்பேனிஸோட ‘இபெரியா’ வாசிச்சதைக் கேட்டு இந்த இசைக்குள்ள வந்தவங்கதான் என்னை மாதிரி நிறைய பேர். விழான்னா மொதல்ல ஜனம் வரணும்.

தந்தி_மீட்டி:
வெள்ளைக்கட்டை நல்ல இடத்துல வந்தீங்க. இடதுகைக்கு ஒரு கேள்வி. அல்பேனிஸ் ‘இபெரியா’ எழுதினது 1905லேர்ந்து 1909க்குள்ள, பெரும்பாலும் ஃபிரான்ஸ்ல உக்காந்து. 4 புத்தகம், 12 துண்டு, மொதல்ல மேடைல வாசிச்சது பிளான்ஷ் செல்வா, ஃபிரெஞ்சுப் பெண். அவரை ஸ்பானிஷ்னு கண்ணை மூடிட்டு சேத்துக்கறோம். மாட்ரிட்ல உக்காந்து எழுதினவரை மட்டும் பாஸ்போர்ட் கேக்கறோம். இது என்ன அளவுகோல்?

இடதுகை:
அல்பேனிஸ் ஸ்பெயின்ல கம்ப்ரதோன்ல பொறந்து, ஸ்பெயின்லயே வளர்ந்து, நாடு பூரா சுத்தி வாசிச்சு, மனசுல இருந்ததை பாரிஸ்ல எழுதினார். அவருக்கு அது நினைவு. ஸ்கார்லாட்டிக்கு அது கேட்டு எடுத்துக்கிட்டது. ரெண்டும் ஒண்ணு இல்ல, நான் இந்த இடத்துல நகர மாட்டேன்.

ஆர்கன்_வெறி:
ரெண்டு பேரும் கம்போசர் ஜாதகத்தையே பாத்துட்டு இருக்கீங்க, வாத்தியத்தை யாராவது பாத்தீங்களா? ஸ்பானிஷ் கீபோர்டுன்னா மொதல்ல ஆர்கன், தேவாலயத்துல காத்தால குழாய் ஊதற வாத்தியம்.

பழைய ஸ்பானிஷ் ஆர்கன்ல வாசிக்கற கட்டை வரிசை பல இடத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். ஆனா ஒவ்வொரு ஸ்டாப்பும் (ஒரே மாதிரி சத்தம் தர்ற குழாய் வரிசை) ரெண்டா வெட்டியிருக்கும், நடு சி வரைக்கும் ஒரு பாதி, அதுக்கு அடுத்த கறுப்புக் கட்டைலேர்ந்து இன்னொரு பாதி. இடப்பக்கம் ஒரு கைப்பிடி, வலப்பக்கம் ஒரு கைப்பிடி. இடது பாதிக்கு மெல்லிசா ஒரு புல்லாங்குழல் சத்தம் போட்டு, வலது பாதிக்கு ட்ரம்பெட்டை இழுத்து விட்டா ஒரே வரிசைல ரெண்டு ஆள் வாசிக்கற மாதிரி மேல் குரல் தனியா பிச்சுக்கிட்டு வரும். இந்த வசதிக்காகவே எழுதின இசை இருக்கு, கொர்ரெயா தெ அராவ்ஹோ 1626ல போட்ட புத்தகத்துல நிறைய. அதை சாதா பியானோல வாசிச்சா எது பாட்டு எது துணைன்னே தெரியாது. அப்புறம் அந்த ட்ரம்பெட் குழாய்ங்க, முகப்புலேர்ந்து படுக்கை வாக்குல வெளில நீட்டிக்கிட்டு நிக்கும், சத்தம் சுவர்ல எங்கயும் முட்டாம கீழ உக்காந்திருக்கறவங்க தலைக்கு மேல நேரா வந்து விழும். மாலகா கதீட்ரல்ல இந்த மாதிரி ரெண்டு பெரிய ஆர்கன் எதிர் எதிரா இருக்கு, 18ம் நூற்றாண்டுல ஹுலியான் தெ லா ஓர்தென் செஞ்சது.

இதை லண்டனுக்கு தூக்கிட்டுப் போக முடியாது, நியூயார்க் கச்சேரி ஹாலுக்குள்ள கொண்டு வர முடியாது. ஆள்தான் அங்க போகணும். ஸ்பெயின் மண்ணுல ஒரு விழா எதுக்குன்னு கேட்டா என் பதில் இதுதான். ஸ்கார்லாட்டி பாதியா கால்வாசியாங்கறது எனக்கு ரெண்டாவது பேச்சு.

வெள்ளைக்கட்டை:
மரியா பார்பரா கிட்ட பியானோவே இருந்துதே, அதை ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க? ஃப்ளோரன்ஸ்லேர்ந்து வந்தது. அப்ப ஸ்கார்லாட்டியை பியானோல வாசிக்கறது சரித்திரப்படியும் சரிதான்.

ஆர்கன்_வெறி:
இருந்துது, மறுக்கல. ராணி 1758ல செத்தப்ப எடுத்த பட்டியல்ல 12 கீபோர்டு வாத்தியம் இருக்கு. அதுல ஃப்ளோரன்ஸ் பியானோ அஞ்சு, ஆனா அஞ்சுல ரெண்டை ஹார்ப்சிகார்டா மாத்திட்டாங்க. பியானோவை ஹார்ப்சிகார்டா! அந்த அரண்மனைக்கு எந்த சத்தம் பிடிச்சுதுன்னு இதுக்கு மேல யார் சொல்லணும். இன்னொரு விஷயம், அந்தப் பியானோல எதுவும் முழு அஞ்சு ஆக்டேவ் போகாது. பட்டியல்லயே பெரிய வாத்தியம் 61 கட்டை வச்ச ஹார்ப்சிகார்டு, அது ஸ்பெயின்ல செஞ்சது. கடைசிக் கால சொனாட்டா சிலதுக்கு அந்த அகலம் வேணும், இல்லன்னா விரல் போற இடத்துல கட்டையே இருக்காது.

தந்தி_மீட்டி:
இது, இதைத்தான் நான் தேடிட்டு இருந்தேன்! இடதுகை ப்ரோ இதைப் பாருங்க. ஸ்கார்லாட்டி அந்த சொனாட்டாக்களை எழுத ஸ்பானிஷ் ஆசாரி ஒருத்தர் அவ்ளோ அகலமா வாத்தியம் செஞ்சு குடுத்திருக்கணும். வேரா ஊர் தியேகோ ஃபெர்னாண்டெஸ் வேலை பாத்தது அந்த அரண்மனைக்குத்தான். அல்மேரியால ஸ்கார்லாட்டி வாசிக்கும்போது அந்த ஊர் ஆள் கைவேலையும் சேந்துதான் ஒலிக்குது. பொறந்த ஊர் நேப்பிள்ஸா இருக்கலாம், இசை எந்தக் கட்டை மேல உருவாச்சுங்கறது தானே கீபோர்டு விழாவுக்கு முக்கியம்?

இடதுகை:
இது கனமான வாதம், மத்ததை விட இதுக்குத்தான் நான் மதிப்பு தர்றேன். ஆனா இதே அளவுகோலை வச்சா அல்பெரோ வாசிச்சதும் அதே அரண்மனைலதான், அரச தேவாலய ஆர்கனிஸ்ட் அவர். அவரோட 30 சொனாட்டா கையெழுத்துப் பிரதியும் அதே வெனிஸ் லைப்ரரிலதான் கிடக்கு. ஒரே வாத்தியம், ஒரே காலம், ஒரே லைப்ரரி. ஆனா ஒருத்தர் ஊர் உலகம் பூரா, இன்னொருத்தர் பேரே யாருக்கும் தெரியாது. வாத்தியம்தான் நியாயம்னா மேடைல பக்கத்துல பக்கத்துல வைங்க.

கரீபியன்_காத்து:
லேட்டா வந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஸ்பெயின் ஸ்பெயின்னே பேசறீங்களே, கடல் தாண்டி ஒரு கண்டமே இருக்கு. ஹிஸ்பானிக் கீபோர்டுன்னு சொன்னா கியூபாவோட இக்னாசியோ செர்வாந்தெஸ் எழுதின குட்டிக் குட்டி நடனங்க, லெக்குவோனா, அர்ஜென்டினாவோட ஹினாஸ்தெரா, இவங்க எல்லாம் வரணும். ஹினாஸ்தெராவோட 1937 ‘அர்ஜென்டின நடனங்கள்’ முதல் துண்டுல வலது கை வெள்ளைக் கட்டைல மட்டும், இடது கை கறுப்புக் கட்டைல மட்டும் போகும். முடிக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ, வெறும் கிட்டார் கம்பி ஆறும் அப்படியே பியானோல விழும். தந்தி_மீட்டி சொன்ன கே 119லேர்ந்து இதுக்கு ஒரு கோடு போடுங்க, இரு நூறு வருஷம், ஒரு சமுத்திரம், அதே கிட்டார்.

இடதுகைக்கு இன்னொரு சிக்கலும் தர்றேன். டொமெனிகோ ஸிபோலி. 1688ல இத்தாலில பிராத்தோல பொறந்தவர், 1716ல ரோம்ல கீபோர்டு புத்தகம் போட்டார், அப்புறம் இயேசு சபைல சேந்து 1717ல கப்பலேறி தென் அமெரிக்கா போய் 1726ல இப்ப அர்ஜென்டினால இருக்கற கொர்தோபால செத்தார். அவர் இசைப் பிரதிங்க பொலிவியாவுல சிக்கித்தோஸ் மிஷன் கிராமங்கள்ல கிடைச்சுது, அங்க இருந்த பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையா பிரதி எடுத்து காப்பாத்தி வச்சிருந்தாங்க. அவரை எந்த நாட்டு கணக்குல எழுதுவீங்க?

இடதுகை:
அக்கா, ஸிபோலியை அந்த கிராமத்துக்காரங்க கணக்குல எழுதுவேன். காப்பாத்தினவங்க அவங்க.

ஆனா கண்டம் முழுக்க ஒரு வார விழாக்குள்ள வந்தா எல்லாத்துலயும் ஒரு ஸ்பூன் குடுத்து அனுப்பற கதையாயிடும், யாரையும் முழுசா கேக்க முடியாது. ஒரு வருஷம் கியூபா, ஒரு வருஷம் ஆர்கன், ஒரு வருஷம் மாட்ரிட் அரண்மனைன்னு பிரிச்சா ஒத்துக்கறேன்.

வெள்ளைக்கட்டை:
கியூபா வருஷத்துக்கு நான் வருவேன். அல்பெரோ வருஷத்துக்கு கூட்டம் வராதுங்கறதுல மாத்தம் இல்ல. கிரனாடோஸ் 1916ல இங்கிலீஷ் கால்வாய்ல கப்பல் டார்ப்பிடோ அடிச்சு போனவர், ‘கோயெஸ்காஸ்’ங்கற பியானோ தொகுப்பை எழுதின கை, அவரை ஒரு வருஷம் கூட விட்டுட்டு விழா நடத்தறது என்னால ஜீரணிக்க முடியாது.

தந்தி_மீட்டி:
கூட்டத்துக்கு ஒரு வழி இருக்கு. கே 119 வாசிங்க, இடைவெளி விடாம அதே ஹார்ப்சிகார்டுல அல்பெரோ சொனாட்டா ஒண்ணு, அப்புறம் சொலேர், மறுபடி ஸ்கார்லாட்டி. ஸ்கார்லாட்டிக்கு வந்தவங்க அல்பெரோவை கேக்காம எழுந்து போக முடியாது. ஸ்கார்லாட்டியை எடுத்துட்டா அந்த ஆளுங்க ஹாலுக்கே வர மாட்டாங்க, அல்பெரோவுக்கு நஷ்டம்தான்.

இடதுகை:
வரிசையை மாத்துங்க. அல்பெரோல ஆரம்பிங்க, அல்பெரோல முடிங்க. ஸ்கார்லாட்டி நடுவுல ரெண்டு போதும். அப்படி ஒரு கச்சேரி போட்டா முதல் டிக்கெட் என்னுது.

தந்தி_மீட்டி:
மூணு. கே 119, கே 175 ரெண்டும் இல்லாம நடக்காது, நீங்க சொன்ன கே 513ம் வேணும்.

ஆர்கன்_வெறி:
கச்சேரிக்கு மறுநாள் காலைல எல்லாரையும் பஸ்ல ஏத்தி மாலகா கூட்டிட்டு போங்க. கபேசோனை அங்க கேக்கணும்.